கொடியில் காய்ந்த வசனம்

நேர் வீடு எங்கே என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் கை காட்டிவிடுவார்கள். வீடு ஒன்றும் நேராக இல்லை. மாடிப்படி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். முன்கதவு மழைக்காலத்தில் ஊதிப்போய், ஓர் உதை வாங்கிக்கொண்டுதான் திறக்கும். பெயர் வந்தது வீட்டுக்காரர்களால். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் யாரும் பொய் சொன்னதில்லை. கொடுத்த வாக்கு மாறியதில்லை. ஞாயிறு ஆராதனைக்கு மணி அடித்த பிறகு உள்ளே நுழைந்ததில்லை. இதைத் தெரு சொன்னதைவிடக் குடும்பம் சொன்னதுதான் அதிகம். ஆனாலும் அது உண்மை. உண்மையைத் தானே சொல்லிக்கொள்வதில் தவறு ஒன்றும் இல்லை.

இப்போது அந்தக் குடும்பத்துக்குத் தலைவர் லிஃப்ட் ஆய்வாளர். வயது ஐம்பத்தெட்டு. உட்கார்ந்தாலும் நின்றாலும் முதுகு ஒரே மாதிரி இருக்கும். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களின் லிஃப்ட்டுகள் எல்லாம் வருடத்துக்கு ஒரு முறை அவர் கையெழுத்துக்காகக் காத்திருக்கும். இருபது மாடி உயரத்தில், பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, கிணறு போன்ற இருட்டில் டார்ச் அடித்து, இரும்புக் கயிறுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். கீழே நிற்பவர்கள்தான் சுவரைப் பிடித்துக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்துவிட்டால் கதை வேறு. ஒரு ஃப்ரிட்ஜ் வாங்குவதற்குக்கூட அவருக்குப் பச்சைப் பெட்டி வேண்டும்.

அது தகரப் பெட்டி. ஒரு காலத்தில் அதில் பிஸ்கட் இருந்தது. அவருடைய அப்பா, நீல மையில், குண்டு குண்டு எழுத்தில், விரல் நீள அட்டைகளில் முந்நூறு பைபிள் வசனங்களை எழுதி அதில் அடுக்கி வைத்திருந்தார். புத்தாண்டுக் காலையில் ஜெபம் முடிந்ததும் ஆளுக்கு ஓர் அட்டை. வருடம் முழுக்க மனதில் வைத்துக்கொள்ள ஓர் ஆறுதல். அப்பாவின் ஏற்பாடு அவ்வளவுதான். அப்பா போன பிறகு பெட்டி மகனின் அலமாரிக்கு வந்தது. அதற்கு வேலையும் கூடிப்போனது. எந்தப் பள்ளிக்கூடம், எந்த டாக்டர், சுவருக்கு என்ன வண்ணம், எல்லாவற்றையும் பெட்டிதான் சொல்ல வேண்டும். தண்ணீரைப் பற்றிய வசனம் வந்ததால் ஃப்ரிட்ஜ் வந்தது.

மாடியில் குடியிருக்கும் அவருடைய தம்பி, டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவிடாதவர், ஒரு பழைய மோட்டார் சைக்கிளை விலை பேசியபோது பொறுமையைப் பற்றிய வசனம் வந்தது.

"பொறுத்திருன்னு அர்த்தம்," என்றார் அண்ணன்.

"இல்லண்ணா, வாங்கிட்டுப் பொறுமையா இருன்னு அர்த்தம்," என்று தம்பி வாங்கிவிட்டார். இன்றைக்கும் காலையில் இருபது உதை உதைத்தால்தான் வண்டி உறுமும். "வசனம் பலிச்சிடுச்சு பாத்தீங்களா?" என்று பத்தாவது உதையில் ஒரு முறை கேட்பார்.

பெட்டியைத் திறப்பவர் ஆய்வாளர். அட்டையை எடுப்பவர் அவர். வாசிப்பவர் அவர். பொருள் சொல்பவரும் அவரே. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முழங்கால் போட்டு ஜெபித்து, கண்ணை மூடி எடுப்பார். வெளியே வந்து முடிவைச் சொல்வார். நேர் வீட்டில் பொய் கிடையாது என்பதால், அட்டையைக் காட்டுங்கள் என்று யாரும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை மாலை மகளுக்கு ஒரு கடிதம் வந்தது. இருபத்தாறு வயது; செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் வேலை. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய தூரத்தில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரி, கால் செய்யும் பிரிவு ஒன்றைப் புதிதாகத் தொடங்குகிறது. அதை நடத்தும் பொறுப்பு அவளுக்கு. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போனில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

"எனக்குப் போகணும்னு இருக்குப்பா," என்றாள் சாப்பாட்டு மேஜையில். சுற்றி வளைக்கவில்லை, அதுவும் குடும்பத்தின் வழக்கம்தான்.

"இருக்கும். நமக்கு இருக்கறது பெருசில்ல. ஆண்டவருடைய சித்தம் என்னன்னு பாக்கணும்."

"பாருங்கப்பா. திங்கக்கிழமைக்குள்ள பாருங்க."

"அவருக்கு நாம தேதி குறிக்கக் கூடாது."

"நாம எங்க குறிச்சோம்? ஆஸ்பத்திரி குறிச்சிருக்கு."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தம்பிக்குப் புரையேறியது. ஆய்வாளரின் மனைவி எழுந்து வந்து கொழுந்தன் தலையில் தட்டினார். தட்டிய வேகத்தில் கொஞ்சம் கண்டிப்பும் இருந்தது.

அப்பா சொல்லாமலே போகக்கூடிய வயதுதான் மகளுக்கு. ஆனால் அவர் கையைத் தலையில் வைத்து அனுப்பினால்தான் போவாள். அது அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சாப்பாடு இறங்கவில்லை. முந்நூறு வசனம் வீட்டில் இருந்தும் அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு: அவருக்குப் பயம். அந்த ஊரில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? பெரிய பொறுப்பை எடுத்துவிட்டு முடியாமல் திரும்பினால், நேர் வீட்டுப் பெண் பாதியில் ஓடிவந்துவிட்டாள் என்று நாலு பேர் பேசமாட்டார்களா? அதற்கும் அடியில் இன்னொன்று. காலை ஏழு மணிக்குக் குளியலறைக் கதவைத் தட்டி, "அப்பா, உள்ள தூங்கிட்டீங்களா?" என்று கேட்க இனி யார் இருப்பார்கள்?

வெள்ளிக்கிழமை காலையில் ஜெபித்துவிட்டு அட்டை எடுத்தார். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களிடம், எங்கே போனாலும் கூடவே வருகிறேன் என்று ஆண்டவர் சொல்லும் வசனம். மூலையில் அப்பாவின் பேனா சிந்திய மைத்துளி ஒன்று, கடுகளவு.

இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டு வந்ததுபோல் விரலுக்குத் தோன்றியது. ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் தோன்றியது. திரும்ப வைத்துவிட்டார்.

"என்னப்பா வந்துச்சு?"

"இன்னும் தெளிவு கிடைக்கல."

இது பொய்யில்லை. அவருக்குத் தெளிவு கிடைக்கவில்லைதான்.

சனிக்கிழமை மறுபடி எடுத்தார். நடக்கிறவன் காலடியில் வெளிச்சம் விழும் என்று வந்தது. கால் செய்கிற பெண்ணுக்குக் காலைப் பற்றிய வசனம்! அவர் நெடுநேரம் பார்த்தார். வெளிச்சம் என்றால் நன்றாக யோசித்துப் பார் என்று பொருள், என முடிவுக்கு வந்து, யோசிக்க உட்கார்ந்தார்.

அன்று மகள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தாள். "யோசிக்கறத நடந்துக்கிட்டே யோசிங்களேன்," என்று மனைவி டப்பாவை அவர் கையில் கொடுத்து அனுப்பினார்.

பட்டறை ஒரு நீளமான கூடம். சுவரோர அலமாரிகளில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டர் அச்சுகள். ஒவ்வொன்றின்மேலும் பென்சிலால் ஓர் எண். நடுவே இடுப்பு உயரத்தில் இரண்டு நீளக் கம்பிகள். நடை பழகும் இடம். கம்பிகளுக்கு இடையில் ஒரு தபால்காரர் நின்றிருந்தார். இடது முழங்காலுக்குக் கீழே புத்தம் புதுக் கால். கம்பிகளைப் பிடித்திருந்த பிடியில் அவர் விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. எதிரே ஸ்டூலில் மகள்.

"ஸ்க்ரூவ இன்னொரு தடவ பாத்துடும்மா."

"மூணு தடவ பாத்தாச்சு அண்ணே."

"நாலாவது தடவ பாத்தா நீ என்ன குறைஞ்சா போயிடுவே?"

"நான் குறைய மாட்டேன். நீங்கதான் இங்கயே குடித்தனம் பண்ண வேண்டியிருக்கும். கால் தாங்கும் அண்ணே. நான் செஞ்சது. எடைய அது மேல வைங்க. நீங்க இன்னும் கம்பி மேலதான் நிக்கிறீங்க."

"கம்பி பழகிடுச்சும்மா."

"அப்ப கம்பியையும் தூக்கிட்டுத்தான் தெருத்தெருவா தபால் குடுக்கப் போறீங்களா?"

தபால்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் ஒரு கை தானாக விட்டுப்போனது. அதைக் கவனித்ததும் முகம் மாறியது; ஆனால் விழவில்லை. மெல்ல இன்னொரு கையையும் எடுத்தார். ஓர் எட்டு. இன்னோர் எட்டு. மூன்றாவது எட்டில், திருடனைக் கண்டவர்போல், "ஐயோ, நடக்கிறேன்! பாருங்க, நடக்கிறேன்!" என்று கூடம் அதிரக் கத்தினார். ஆய்வாளர் கை தட்டப் போய், கையில் டப்பா இருப்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

இத்தனை அதிகாரமான குரல் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தார். யாருடைய குரல் என்று தெரிந்தபோது பெருமையாக இருந்தது. பெருமை வந்ததும் பயம் கூடிவிட்டது. இப்படிப்பட்டவளை எந்த ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பும்?

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இந்த முறை பெட்டியை நன்றாகக் குலுக்கினார். நடுவிலிருந்து எடுக்காமல் அடியில் கைவிட்டு எடுத்தார்.

மூலையில் கடுகளவு மைத்துளி.

கொஞ்ச நேரம் பெட்டியும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வைத்தால் மறுபடியும் இதுவேதான் வரும் என்று அவருக்குத் தோன்றியது. அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டார். பெட்டியை மூடினார்.

"என்னங்க, ஏதாவது தெரிஞ்சுதா?" கதவுக்கு வெளியே மனைவி.

"நாளைக்குச் சொல்றேன்."

இதுவும் பொய்யில்லை. ஆனால் நேர் வீட்டில் ஒருவர் தான் சொல்வது பொய்யில்லை என்று ஒவ்வொரு முறையும் சரிபார்த்துக்கொள்ள நேர்ந்தது அதுவே முதல் தடவை.

திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். மனைவி தையல் சொல்லிக்கொடுப்பவர். துவைப்பது, மடிப்பது, கொடியில் போடுவது எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கு இருக்கும். ஆய்வாளர் காலை ஏழு மணிக்குக் காப்பியோடு பின்பக்கம் வந்தபோது கொடி நிறைந்திருந்தது. முதலில் இரண்டு படுக்கை விரிப்புகள். அடுத்து தம்பியின் பனியன்கள். அதற்கடுத்து அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, தலைகீழாக. சட்டைக்கு அடுத்து, தனக்கென்று ஒரு சிவப்புக் கிளிப்போடு, தன்னந்தனியாக ஓர் அட்டை.

ஓரங்கள் சுருண்டிருந்தன. நீல மை லேசாகப் படர்ந்திருந்தது. ஆனாலும் ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது. கடுகளவு இருந்த மைத்துளி கடலையளவு ஆகியிருந்தது.

பக்கத்தில் மோட்டார் சைக்கிளைப் பதினோராவது உதை உதைத்துக்கொண்டிருந்த தம்பி நிறுத்தினார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, அட்டையை வாசித்தார்.

"அப்பா எழுத்து," என்றார். பிறகு, "நல்லா வெளுத்திருக்கீங்க அண்ணி."

"சட்டைப் பையில இருந்துச்சு," என்றார் மனைவி, அடுத்த துணியை உதறிக்கொண்டே. யார் முகத்தையும் பார்க்கவில்லை. "தூக்கியா போட முடியும்? மாமா கைப்பட எழுதினதாச்சே."

ஈரத் தலையோடு வந்த மகளும் வாசித்தாள். மேலிருந்து கீழாக ஒரு முறை. அப்பாவைப் பார்த்தாள். ஏதாவது கேட்டிருந்தால் அவரும் ஏதாவது சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை.

"காப்பி ஆறுதுப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தம்பி பன்னிரண்டாவது உதையை உதைத்தார். வண்டி உடனே கிளம்பிவிட்டது. அதற்குக்கூட யாரும் எதுவும் சொல்லவில்லை.

அன்று ஆய்வாளர் சாப்பிடாமலே வேலைக்குப் போனார். புதிதாகக் கட்டிய பதினான்கு மாடி அலுவலகக் கட்டடம். லிஃப்ட்டுக்குக் கடைசிச் சோதனை. கயிறு எல்லாம் அறுந்தே போனாலும் பெட்டி விழக் கூடாது. அளவுக்கு மீறிய வேகத்தில் அது இறங்கத் தொடங்கினால், அடியிலுள்ள இரும்புத் தாடைகள் இரண்டு பக்கத் தண்டவாளங்களையும் கவ்விப் பிடித்து நிறுத்த வேண்டும். பிடிக்கிறதா என்று பார்க்க ஆளுக்குப் பதில் இரும்புக் கட்டிகளை ஏற்றி, பெட்டியை வேகமாக இறக்கிப் பார்ப்பார்கள்.

மெக்கானிக் இறக்கினார். கட்டடமே 'டங்' என்றது. பெட்டி நின்ற இடத்தில் ஆணி அடித்ததுபோல் நின்றது. ஆய்வாளர் மட்டம் வைத்துப் பார்த்தார். ஒரு மயிரிழை சாயவில்லை.

கட்டட மேனேஜர் ஓடிவந்தார். ஒல்லியான மனிதர்; கைக்கு ஒரு போன்.

"சார், சரியா அந்த நேரம் பாத்து போன் வந்துடுச்சு. இன்னொரு தடவ விட்டுக் காட்டுங்களேன்."

"பிடிச்சிடுச்சு."

"பிடிக்கலன்னு நான் சொல்லல சார். மறுபடியும் பிடிக்குமான்னு..."

"பிடிக்கும்."

"ஒரே ஒரு தடவ சார். மனசுக்கு ஒரு நிம்மதி."

"இங்க வாங்க." ஆய்வாளர் அவரைத் தோளைப் பிடித்து அழைத்துப்போய், உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். தாடைகள் கவ்விய இடத்தில் தண்டவாளம் உரிந்து பளபளத்தது. "பாத்தீங்களா? ஒரு தடவைக்கே இந்தக் கதி. இத அரம் போட்டுத் தேச்சு வழவழப்பாக்கணும். ஒவ்வொரு தடவ விடும்போதும் தண்டவாளம்தான் சிதையும். உங்க சந்தேகம் தீராது, லிஃப்ட்தான் தீரும். ஒழுங்கா ஒரு தடவ சோதிக்கணும். பிடிச்சிடுச்சுன்னா கையெழுத்துப் போட்டுட்டு அதுல ஏறிப் போகணும். ஏறாம கீழயே நின்னுக்கிட்டு, திரும்பத் திரும்ப விட்டுப் பாக்கறது ஜாக்கிரத இல்ல சார். அது பயம்!"

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டார். அந்தக் கடைசிச் சொல் வெறுமையான லிஃப்ட் கிணற்றுக்குள் ஏறி, பதினான்கு மாடியும் போய், திரும்பி இறங்கி வந்து அவர் காதில் விழுந்தது.

ஆய்வாளர் டார்ச்சை அணைக்க மறந்து நின்றார்.

"சார், கோவிச்சுக்கிட்டீங்களா?" என்றார் மேனேஜர்.

"உங்கள இல்ல," என்றார் ஆய்வாளர்.

மெக்கானிக் அரத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். ஆய்வாளர் ஓரமாகக் கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். வழக்கமாக அவர் ஜெபத்துக்கு முன்னுரை உண்டு, இடையில் மூன்று பகுதி உண்டு, முடிவுரையும் உண்டு. அன்று எதுவும் வரவில்லை. 'ஆண்டவரே, மூணு தடவ பிடிச்சீங்க. நான் இன்னும் கீழதான் நிக்கிறேன்,' என்று மட்டும் சொன்னார். சொன்னதும் சிரிப்பு வந்தது. ஜெபத்தின் நடுவில் அவர் சிரித்ததும் அதுவே முதல் தடவை. யாரோ கூடச் சேர்ந்து சிரித்தது போலவும் இருந்தது.

தேய்த்து முடித்தபோது மணி மூன்று. கையெழுத்திட்டார். எப்போதும்போல் முதல் ஆளாகத் தானே ஏறி மேல்மாடிவரை போய் இறங்கினார். மேனேஜரையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டுதான் போனார். பிறகு பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். முப்பத்திரண்டு வருட வேலையில் அவர் ஐந்து மணிக்கு முன்னால் கிளம்பியதில்லை. உடம்பு சரியில்லையா என்று மெக்கானிக் கேட்டார். "இப்பதான் சரியாச்சு," என்று பதில் வந்தது.

நாலேகாலுக்கு நேர் வீட்டின் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் போன் பேசுவதற்காக அரை நாள் விடுப்பில் வந்திருந்தாள். மேஜையின் நடுவில் பச்சைப் பெட்டி. அதன் மூடிமேல் காய்ந்த அட்டை, கிளிப் கடித்த தழும்போடு. ஆய்வாளர் மட்டும் உட்காரவில்லை. உட்கார்ந்து சொல்லும் விஷயம் இல்லை இது.

"இந்த வீட்டுல யாரும் பொய் சொன்னதில்ல," என்றார். "நானும் சொல்லல. ஆனா மறைச்சேன். அது பொய்யோட கூடப்பிறந்தது. மூணு நாள் எடுத்தேன். மூணு நாளும் போகட்டும்னுதான் வந்துச்சு. எனக்குப் பிடிக்கல. அதனால தெளிவில்லன்னு சொல்லிட்டேன். குடும்பத்து மானத்தக் காப்பாத்தறவன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அதக் கொடியில தொங்க விட்டவன் நான்தான்."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

மனைவி முந்தானையைச் சரிசெய்தார். "அப்ப நானும் சொல்லிடறேன்," என்றார்.

"என்ன?"

"வெள்ளிக்கிழம நீங்க வேலைக்குப் போனப்புறம் நானும் எடுத்தேன். வீட்டக் கட்டறதப் பத்தி வந்துச்சு. பாப்பா இங்கயே இருப்பான்னு சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம், எந்த வீடுன்னு போடலயேன்னு சந்தேகம். திரும்ப எடுத்தேன்."

"எத்தன தடவ?"

"நாலு."

ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்பா," என்றாள் மகள். அவள் முகம் சிவந்திருந்தது. "நான் சனிக்கிழம விடியக்காலம் எடுத்தேன்."

"நீயுமா!"

"அமைதியா காத்திருன்னு வந்துச்சு. எனக்கா காத்திருக்க நேரம் இருக்கு? பிடிக்கல. படக்குன்னு உள்ள வச்சுட்டு ஓடிட்டேன். அந்த அவசரத்துலதான் சாப்பாட்டு டப்பாவ மறந்தேன்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் தம்பியைப் பார்த்தார்கள்.

"என்னய எதுக்குப் பாக்கறீங்க? எனக்கு மோட்டார் சைக்கிளோட சரி." கொஞ்சம் நெளிந்தார். "சரி, நேத்து ஒண்ணு எடுத்தேன். பாப்பாவுக்காக இல்ல. அவ போயிட்டா அந்த ஜன்னல் வச்ச ரூம் எனக்குக் கிடைக்குமான்னு."

"என்ன வந்துச்சு சித்தப்பா?"

"பேராசைப்படாதேன்னு."

முதலில் சிரித்தது மனைவி. அடக்கப் பார்த்து, முடியாமல், மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார். பிறகு மகள். பிறகு தம்பியே. ஆய்வாளர் கடைசிவரை தாக்குப் பிடித்தார். பிறகு அவரும் விட்டுவிட்டார். அந்த முதுகு அப்படி வளைந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. கண்ணில் வந்த நீரைத் துடைத்துக்கொண்டு, "அப்பா இருந்திருந்தா பெட்டியாலயே நம்ம நாலு பேர் மண்டையிலயும் போட்டிருப்பார்," என்றார்.

சிரிப்பு அடங்கியதும் மகளைப் பார்த்தார். "அட்டை கிடக்கட்டும். நீ சொல்லு. எப்படி அங்க போகணும்னு தோணுச்சு?"

இதை வியாழக்கிழமையே கேட்டிருக்கலாம். யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"ரெண்டு வருஷமா ஜெபிச்சுக்கிட்டிருக்கேன்ப்பா. அந்தப் பக்கத்துலேருந்து வர்றவங்க ஒத்தக் கால்ல ஒரு நாள் முழுக்க ரயில்ல உக்காந்து வர்றாங்க. கால் சரியா பொருந்தலன்னா திரும்பவும் ஒரு நாள். போன மாசம் ஒரு அம்மா, 'நாங்க இத்தன பேர் வர்றதுக்கு நீ ஒருத்தி அங்க வந்துடேன்'னாங்க. ராத்திரியெல்லாம் அதே ஞாபகம். அப்புறம் இந்தக் கடிதம். பயமாத்தான்ப்பா இருக்கு. ஆனா பயத்துக்கு அடியில ஒரு சமாதானம் இருக்கு. எப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியல."

பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னது அவருக்கு ஆறுதலாக இருந்தது. தன் மகள்தான். எழுந்து வந்து அவள் தலையில் கையை வைத்தார். ஜெபம் சிறியது. எதையும் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. இவ்வளவு நாள் காட்டியதற்கு நன்றி சொன்னார். போகிற பிள்ளைக்கும் இருக்கிற தகப்பனுக்கும் ஒரே அளவு தைரியம் கேட்டார். "ஆமென்" என்று நாலு பேரும் சொன்னது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

மணி நாலு ஐம்பது. மகள் போன் செய்தாள். லைன் கிடைக்கவில்லை. மறுபடி செய்தாள். மறுபடியும் இல்லை.

"அடுத்த ஆளுக்குப் போன் போட்டுட்டாங்களோ?" என்றார் தம்பி. மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னொரு தடவ போடு," என்றார் ஆய்வாளர்.

"கிடைக்கலன்னா?"

"கிடைக்கும்."

தடவிப் பார்க்காமல், டார்ச் அடிக்காமல், அவர் கொடுத்த முதல் உறுதி அது. மூன்றாவது முறை மணி அடித்தது. "வர்றேன் சார்," என்று மகள் சொன்னபோது மனைவி அழுதார், தம்பி விசிலடித்தார், ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்: நாலு ஐம்பத்தாறு. நேர் வீட்டார் எதற்கும் தாமதித்ததில்லை.

பச்சைப் பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. இனி புத்தாண்டுக் காலையில் மட்டும் இறங்கும். அந்த ஓர் அட்டை மகளோடு ரயிலேறியது. ஜன்னல் வைத்த அறை தம்பிக்குத்தான் கிடைத்தது, ஆனால் அவள் லீவில் வரும்போது காலி செய்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஊர் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் மகள் போனில் கூப்பிட்டாள். குரலில் துள்ளல்.

"அப்பா, எல்லாம் நல்லாருக்கு. ஒரே ஒரு விஷயம். கால் பிரிவ நாலாவது மாடியில வச்சிருக்காங்க."

"எங்க?"

"நாலாவது மாடியில. லிஃப்ட் இருக்குப்பா. பழசு. போகும்போது முனகுது."

"உள்ள சான்றிதழ் மாட்டியிருப்பாங்க. யார் கையெழுத்துன்னு பாரு."

"கண்ணாடிச் சட்டம் இருக்கு. அதுக்குள்ள காகிதம் இல்ல."

"நீ படியில ஏறு."

"நான் ஏறிடுவேன்ப்பா. கால் இல்லாம வர்றவங்க?"

ஆய்வாளர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். பிறகு மெல்ல அவர் முகம் மலர்ந்தது. முப்பத்திரண்டு வருட வேலையும் எதற்கோ முன்கூட்டியே தயாராகி வந்ததுபோல.

"உங்க டைரக்டர்கிட்ட சொல்லு," என்றார். "வர்ற சனிக்கிழம ஒருத்தர் வந்து பாப்பார்னு."

போனை வைத்துவிட்டு அறைக்குள் போனார். மனைவி கதவோரம் வந்து நின்றார். உதட்டோரத்தில் சிரிப்பு.

"என்னங்க, அவ்வளவு தூரம் போறீங்களே. அட்டை எடுத்துப் பாக்க வேணாமா?"

அவர் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார். டார்ச்சுக்குப் புது பேட்டரி தேடிக்கொண்டு.